பாறையில ஓதத்தைப் படிக்கிறது எப்படி: மணல், சேறு, பழைய வளைகள் பத்தி ஒரு முழு வழிகாட்டி

ஜியாலஜி படிக்கிற பசங்களும் சரி, லீவு நாள்ல அரியலூர் பக்கம் பாசில் (கல்லாப் போன பழைய உயிரோட மிச்சம்) பாக்கப் போறவங்களும் சரி, கேக்குறது ஒரே கேள்விதான். "இங்க கடல் இருந்துச்சுன்னு சிப்பியைப் பாத்தா தெரியுது, ஆனா அது ஆழக் கடலா, அலை அடிச்ச கரையா, ஓதம் ஏறி இறங்குன சேத்து நிலமான்னு எப்படி சொல்றீங்க?" சிப்பியை மட்டும் வெச்சு சொல்றது கஷ்டம், செத்த சிப்பியை தண்ணி எங்க வேணா உருட்டிட்டுப் போயிடும். ஆனா ஒரு புழு தோண்டுன வளையை அப்படியே தூக்கிட்டுப் போய் வேற இடத்துல வைக்க முடியாது, தோண்டுன இடத்துலயேதான் கல்லாகும். இந்த மாதிரி வளை, காலடி, ஊர்ந்த தடம் எல்லாத்துக்கும் சேத்து ட்ரேஸ் பாசில்னு பேரு.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் மண்டையில ஏத்திக்கோங்க, மத்த எல்லாம் இதுலேர்ந்துதான் வரும். ஓதம் (கடல் தண்ணி தினமும் ஏறி இறங்குறது) மணலையும் சேறையும் மாத்தி மாத்தி போட்டு எழுதிட்டே போகும், உள்ள வாழுற புழுவும் நண்டும் அதைக் கலைச்சு அழிச்சிட்டே இருக்கும். ஒரு பாறையில யார் கை ஓங்கியிருக்குன்னு பாத்தாலே பாதி கதை வந்துடும்.

முதல்ல கடற்கரைக்குப் போங்க, பாறைக்கு அப்புறம்

நான் இதை உல்டாவா பண்ணி ஒரு வருஷம் வீணாக்குனேன். கல்லுல ஒரு ஓட்டையைப் பாத்து என்னன்னு சொல்லணும்னா இன்னைக்கு அந்த ஓட்டையை யார் போடுறான்னு கண்ணால பாத்திருக்கணும். சவுக்குத்தோப்பு ஓரமா ஈரம் காஞ்ச மணல்ல குழிநண்டு வளை இருக்கும்ல, நண்டு காலி பண்ணிட்டுப் போன பழைய வளையா பாத்து (வாயில புதுசா மணல் உருண்டை கிடந்தா ஆள் உள்ள இருக்கார், விட்டுடுங்க) பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை மோர் பதத்துக்கு தண்ணியா கரைச்சு மெதுவா ஊத்துங்க. தோசை மாவு பதத்துல ஊத்துனா பாதி வழியிலயே அடைச்சுக்கும், என் முதல் வார்ப்பு நாலு விரக்கடை நீளத்தோட நின்னு போச்சு. ஒரு மணி நேரம் கழிச்சு பக்கவாட்டுல தோண்டி எடுத்தா சாய்வா இறங்கி ஒரு பக்கமா வளைஞ்ச குழாய் கைக்கு வரும், சிலதுல மேல பாதியில ஒரு கிளையும் இருக்கும். பாறையில இதே உருவத்துக்கு சைலோனிக்னஸ்னு பேரு. அதைப் பாத்தா தண்ணி எப்பவும் நிக்காத, கரை மேல இருந்த மணல்ல நிக்கிறீங்கன்னு அர்த்தம்.

அடுத்து ஒரு கழிமுகம். பழைய எண்ணெய் டின்னோட ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துட்டு, வத்தம் நேரத்துல (ஓதம் இறங்கும்போது) சேத்துக்குள்ள நேரா அமுக்கி, பின்னாடி மம்பட்டி வெச்சு நெம்பி எடுங்க. வீட்டுல நிழல்ல ரெண்டு நாள் காய விட்டு மேல் பரப்பை பிளேடால சீவுனீங்கன்னா மணல் வரி வெளுப்பா, சேத்து வரி கருப்பா, நடுவுல அதைக் குறுக்கால வெட்டிக்கிட்டு குட்டிக் குட்டி வளைங்க. கடலூர் பக்கம் நான் எடுத்த டின்ல மேல ரெண்டு அங்குலம் வரியே இல்லாம சாம்பார் சாதம் மாதிரி கலங்கி இருந்துச்சு, அதுக்குக் கீழ வரிங்க தெளிவா இருந்துச்சு. அந்தக் கலங்கலை பண்ணது புழுதான். இதை ஒரு தடவை பாத்துட்டா அப்புறம் பாறையில எங்க பாத்தாலும் கண்டுபிடிச்சிடுவீங்க.

ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும், நம்ம சென்னை கரையில ஓதத்தோட ஏத்த இறக்கம் பெருசா போனாலே ஒரு மீட்டருக்குப் பக்கம்தான். குஜராத்துல காம்பே வளைகுடாவுல அது 10 மீட்டருக்கு மேல போகும். அதனால நம்ம கரையைப் பாத்து பழகுன கண்ணு ஓதத்தைக் கொஞ்சம் குறைச்சுதான் எடை போடும்.

பையில என்ன இருக்கணும்

லென்ஸ், டேப், காம்பஸ், நோட்டு, பென்சில், ஒரு தண்ணி பாட்டில், பெயிண்ட் அடிக்கிற பிரஷ். சுத்தியல் கடைசி. தண்ணி பாட்டில் குடிக்க மட்டும் இல்ல, காஞ்ச பாறை மேல தண்ணி தெளிச்சீங்கன்னா கண்ணுக்கே தெரியாம இருந்த வளை கருப்பா எழும்பி வரும், ஏன்னா உள்ள இருக்குற மணலும் வெளிய இருக்குற மணலும் தண்ணியை வேற வேற மாதிரி குடிக்கும். இந்த ஒரு ட்ரிக்கு பத்து சுத்தியலுக்கு சமம். நேரம், காலையில எட்டுக்கு முன்னாடி இல்ல சாயங்காலம் நாலுக்கு மேல, வெயில் சாஞ்சு விழும்போதுதான் மேடு பள்ளம் தெரியும். உச்சி வெயில்ல போட்டோ எடுத்தா எல்லாமே சப்பையா வரும்.

முதல்ல வளையைத் தேடாதீங்க, மணலைப் பாருங்க

பத்தடி தள்ளி நின்னு அடுக்குங்க எப்படிப் போகுதுன்னு பாருங்க. அப்புறம் கிட்டப் போய் கீழேர்ந்து மேல வரைக்கும் அடுக்கு அடுக்கா அளந்து எழுதுங்க, பருமன், துகள் அளவு, நிறம், மேல இருக்குற அடுக்கோட சேர்ற இடம் கூர்மையா இருக்கா மெல்ல மாறுதா. போரடிக்கும், ஆனா இதை விட்டுட்டு நேரா வளைக்குப் போறவன் நோட்டுல கடைசியில பேருங்க மட்டும்தான் இருக்கும்.

ஓதம் விட்டுட்டுப் போற கையெழுத்து சிலது இருக்கு. தண்ணி வேகமா ஓடும்போது மணல் நகர்ந்து சின்னச் சின்ன அலைவரி உண்டாகும். ஏத்தம் முடிஞ்சு வத்தம் தொடங்குற நடுவுல தண்ணி கொஞ்ச நேரம் சும்மா நிக்கும், அந்த நேரத்துல கலங்கலா மிதந்துட்டு இருந்த சேறு படியும். மணல் அதிகமா இருந்து சேறு அலைவரியோட பள்ளத்துல மட்டும் நறுக்குன நகத்துண்டு மாதிரி தங்கியிருந்தா அது ஃபிளேசர். ரெண்டும் சரிக்குச் சரியா இருந்தா வேவி. சேறு அதிகமாகி மணல் அங்கங்க லென்ஸ் மாதிரி தனித்தனியா கிடந்தா லென்டிகுலர். ரெய்னெக், வுண்டர்லிஷ்னு ரெண்டு ஜெர்மன்காரங்க வட கடல் சேத்து நிலங்களைப் பாத்து 1968-ல இதை முறைப்படுத்தி எழுதுனாங்க, இன்னைக்கும் அதேதான் ஓடுது.

இதைவிட பலமான சாட்சி ஜோடி சேத்து வரி. இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன். கால்வாய்க்கு அடியில பெரிய மணல் மேடு ஒண்ணு நகருதுன்னு வெச்சுக்கோங்க. ஏத்தம் பலமா இருந்தா மேட்டோட சரிவுல ஒரு கத்தை மணல் விழும், தண்ணி நிக்கும்போது அது மேல ஒரு சேத்து வரி படியும், அப்புறம் வத்தம் எதிர்ப்பக்கம் ஓடும், ஆனா அது வீக்கா இருந்தா கொஞ்சூண்டு மணலைத்தான் போடும், திரும்ப தண்ணி நிக்கும், இன்னொரு சேத்து வரி. ஆக ரெண்டு சேத்து வரி, நடுவுல நூலளவு மணல். இது எப்பவும் தண்ணிக்குள்ளயே இருந்த இடத்துலதான் வரும், ஏன்னா வத்தத்துல வெளிய தெரியுற மேடா இருந்தா ரெண்டாவது தடவை தண்ணி நிக்கிறதுக்கு அங்க தண்ணியே இருக்காது, ஒத்தை வரிதான் கிடைக்கும்.

இந்த மணல் கத்தைகளோட பருமனை வரிசையா அளந்தா அடுத்த அதிசயம். அமாவாசை பௌர்ணமிக்கு ஓதம் பலமா இருக்கும், கத்தை தடிமனா வரும். அஷ்டமி பக்கம் ஓதம் சோம்பலா இருக்கும், கத்தை மெலிஞ்சிடும். ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம் வர்ற கரையில பதினஞ்சு நாள் சுத்துக்கு ஏறக்குறைய 28 கத்தை வரணும். நெதர்லாந்துல ஊஸ்டர்ஸ்கெல்டெங்குற கழிமுகத்துப் படிவுகள்ல விசர்ங்குறவர் இந்த ஏத்த இறக்கத்தை எண்ணிக் காட்டி 1980-ல எழுதுனார். நீங்க எண்ணும்போது 28-க்குக் கம்மியா வந்தா பதறாதீங்க, அஷ்டமி ஓதத்துல சில நாள் மணல் நகரவே நகராது, அந்த நாளோட பக்கம் காலியாதான் இருக்கும்.

மீன் முள்ளு மாதிரி ஒரு அடுக்குல சாய்வு இந்தப் பக்கம், அடுத்த அடுக்குல அந்தப் பக்கம்னு வர்ற ஹெர்ரிங்போன் அமைப்பை எல்லாரும் ஓதத்துக்கு ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி எடுத்துக்குவாங்க. இதுல நான் நல்லா மாட்டியிருக்கேன். ஒரு ஓடைச் சுவர்ல பாத்துட்டு நோட்டுல பெருசா எழுதி ரெண்டு கோடும் போட்டு கூட வந்த சார்கிட்ட காட்டுனேன். அவர் நோட்டைப் பாக்கவே இல்ல. "தம்பி, இந்தச் சுவரோட அடுத்த பக்கம் போய் பாத்தியா?"ன்னார். சுத்திப் போய் பாத்தா ரெண்டு அடுக்கும் ஒரே திசையிலதான் சாயுது, கிண்ணம் கிண்ணமா வெட்டுன பள்ளங்களை குறுக்கால அறுத்த மாதிரி சுவர் இருந்ததால எதிரெதிரா தெரிஞ்சிருக்கு. அதனால ரெண்டு பக்கமாவது பாக்காம ஹெர்ரிங்போன்னு எழுதாதீங்க, காம்பஸ் வெச்சு சாய்வோட திசையை எடுத்துட்டு எழுதுங்க.

இப்போ வளை

பேர் வைக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு விஷயம் எழுதணும்: நிக்குதா படுத்திருக்கா, விட்டம் எவ்வளவு, சுவர்ல பூச்சு இருக்கா, கிளை பிரியுதா, உள்ள நிரம்பியிருக்குறது எது. கடைசி கேள்வியை பாதிப் பேர் விட்டுடுறாங்க. வெளிய சேறு, உள்ள மட்டும் மணல்னா, அந்த வளை தொறந்தே கிடந்து மேலேர்ந்து மணல் கொட்டி நிரம்பியிருக்கு, அதாவது அந்தச் சேறு இடிஞ்சு விழாத அளவுக்கு இறுகி இருந்திருக்கு.

அடிக்கடி மாட்டுற ஆளுங்க இவங்கதான். ஒத்தைக் குழாயா நேரா இறங்குனா ஸ்கோலிதோஸ். யூ வடிவமா ரெண்டு வாயோட இருந்தா அரெனிகோலைட்ஸ். அதே யூ, ஆனா ரெண்டு காலுக்கு நடுவுல அடுக்கடுக்கா தொட்டில் மாதிரி வளைஞ்ச வரி இருந்தா டிப்ளோகிரேட்டரியான். அது படுத்துக் கிடந்தா ரைசோகொராலியம். சுவர் முழுக்க பூந்தி ஒட்டுன மாதிரி குமிழ் குமிழா இருந்தா ஒஃபியோமார்ஃபா, இறால் வகை உயிர் ஒண்ணு தளதளன்னு இருக்குற மணல் இடிஞ்சு விழாம இருக்க உருண்டை பிடிச்சு சுவர்ல அப்புன பூச்சு அது. அதே மாதிரி ஆள் இறுகுன சேத்துல தோண்டுனா பூச்சு தேவையில்ல, வழவழன்னு கவட்டை கவட்டையா பிரிஞ்சு போகும், அது தலாசினாய்டஸ். ஒரே வளை மணல்ல ஒஃபியோமார்ஃபாவா ஆரம்பிச்சு சேத்துக்குள்ள நுழைஞ்சதும் தலாசினாய்டஸா மாறுறதும் உண்டு, அதைப் பாத்துட்டா அன்னைக்கு டீ என் செலவு. படுத்த குழாய்ல பூச்சு இல்லாம உள்ள வேற மண்ணு இருந்தா பிளானோலைட்ஸ், பூச்சு இருந்து உள்ளயும் வெளியயும் ஒரே மண்ணுன்னா பேலியோஃபைகஸ்.

ஏன் சிலது நிக்குது சிலது படுக்குது? தண்ணி வேகமா ஓடுற மணல்ல சாப்பாடு தண்ணியிலயே மிதந்து வரும், ஆள் நேரா ஒரு குழாய் போட்டு உள்ள உக்காந்துட்டு வாயை மட்டும் மேல நீட்டுனா போதும். அமைதியான இடத்துல சாப்பாடு சேத்தோட சேந்து படிஞ்சு கிடக்கும், படுத்துக்கிட்டே மேஞ்சுட்டுப் போகணும். ஜெர்மன் ஆய்வாளர் ஸைலாஹர் 1960-கள்ல இந்தத் தடங்களைக் கூட்டம் கூட்டமா பிரிச்சு, நிக்கிறது அதிகமா இருந்தா ஸ்கோலிதோஸ் கூட்டம், படுக்குறது அதிகமா இருந்தா குரூசியானா கூட்டம்னு பேர் வெச்சதோட அடிப்படையும் ஏறக்குறைய இதான். ஆனா இதை ஆழம் அளக்குற ஸ்கேலா நினைக்காதீங்க, ஆழக் கடல்ல மணல் சரிஞ்சு வந்து விழுற இடத்துலயும் ஒஃபியோமார்ஃபா கிடைக்குது. அந்த உயிரு பாக்குறது மீட்டர் கணக்கை இல்ல, தண்ணி வேகத்தையும் மணலையும் சோத்தையும்தான்.

இதையெல்லாம் ஒரு காலத்துல கடற்பாசியோட அச்சுன்னு நம்பிட்டு இருந்தாங்க. ஸ்வீடன்காரர் நாதோர்ஸ்ட் உயிரோட இருக்குற புழு பூச்சிகளை ஈர மண்ணுல ஊர விட்டு, விழுந்த தடத்தைக் காட்டி, பாசின்னு சொன்ன நிறைய சமாச்சாரம் வெறும் தடம்தான்னு 1881-ல எழுதுனார். மேல சொன்ன பிளாஸ்டர் வேலையை சும்மா பொழுதுபோக்குன்னு நினைக்காதீங்க.

கலங்கலுக்கு மார்க் போடுறது

ஒவ்வொரு அடுக்குக்கும் 0 முதல் 6 வரைக்கும் ஒரு எண். வளையே இல்லன்னா 0. நூத்துல நாலு பங்கு வரைக்கும் கலைஞ்சிருந்தா 1, முப்பது வரைக்கும் 2, அறுபது வரைக்கும் 3, தொண்ணூறு வரைக்கும் 4, அதுக்கு மேல கொஞ்சம் வரி மிச்சம் இருந்தா 5, ஒண்ணுமே மிச்சமில்லாம சாம்பார் சாதம்னா 6. டெய்லர், கோல்ட்ரிங்னு ரெண்டு ஆய்வாளருங்க 1993-ல கொடுத்த அளவு இது. கண் மதிப்புதான், ஆனா ரெண்டு பேர் தனித்தனியா போட்டுட்டு ஒப்பிட்டுப் பாருங்க, பெரும்பாலும் ஒரு மார்க்குக்கு மேல வித்தியாசம் வராது.

இந்த எண்ணுலதான் ஆரம்பத்துல சொன்ன போட்டி வெளிய வரும். ஓதம் தினமும் மணலை வாரிப் போட்டுட்டே இருக்குற கால்வாய்ல புழுவுக்கு நேரமே கிடைக்காது, 0, 1. சேத்து நிலத்தோட ஒதுக்குப்புறத்துல 4, 5 போகும். இன்னொரு காரணமும் உண்டு. ஆத்துத் தண்ணி கலக்குற முகத்துவாரத்துல உப்பு கூடிக் குறைஞ்சுட்டே இருக்கும், அதைத் தாங்குற உயிர் கம்மி, தாங்குறதும் சைஸ்ல சின்னதாதான் இருக்கும், ஆனா போட்டிக்கு ஆள் இல்லாததால கூட்டமா இருக்கும். பாறையில ஒண்ணு ரெண்டு வகை மட்டும், குட்டிக் குட்டியா, நெருக்கமா தெரிஞ்சா உப்பு குறைஞ்ச தண்ணின்னு சந்தேகப்படலாம்.

புழுவே இல்லாத உலகத்துல ஓதம் எழுதுனது எப்படி இருக்கும்னு பாக்கணும்னா தெற்கு ஆஸ்திரேலியாவோட எலாட்டினா பாறை. 60 கோடி வருஷத்துக்கு மேல பழசு, தோண்டுற உயிர் இன்னும் கிளம்பாத காலம். நூலளவு வரிங்க கலையாம அப்படியே இருக்கு. ஜார்ஜ் வில்லியம்ஸ்ங்குற ஆய்வாளர் அதை எண்ணிப் பாத்துதான் அப்போ ஒரு நாளுக்கு 21.9 மணி நேரம், ஒரு வருஷத்துக்கு சுமார் 400 நாள்னு கணக்கு போட்டார்.

எதிர் முனைக்கு ஸ்காட்லாந்தோட வடமேற்குல பைப் ராக். கிட்டத்தட்ட 52 கோடி வருஷம் முந்தைய கேம்பிரியன் மணல், இப்போ இறுகி வெள்ளை குவார்ட்சைட் பாறையாயிடுச்சு. கீழ இருக்குற அடுக்குல சாய்ஞ்ச மணல் வரிங்க சுத்தமா தெரியும், வளை கிடையாது. அதுக்கு மேல வந்ததும் ஸ்கோலிதோஸ் குழாய்ங்க தோளோட தோள் உரசுற நெருக்கத்துல, மேல்தளத்துல பாத்தா காசு இறைச்ச மாதிரி வட்டம் வட்டமா. ரெண்டுமே ஆழம் குறைஞ்ச கடல் மணல்தான், ஓதம் தொட்ட இடம்தான், ஆனா முதல்ல ஓதம் ஜெயிச்சது, அப்புறம் புழு ஜெயிச்சது. (இதுல ஒரு உபரி லாபம்: அந்தக் குழாய்ங்க முதல்ல நேரா நின்னதுங்கறதால, பக்கத்துல மோய்ன் பிளவு (பாறை உடைஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறுன இடம்) கிட்ட பாறை நசுங்குன இடத்துல அதுங்க எவ்வளவு சாஞ்சிருக்குன்னு அளந்து பாறை எவ்வளவு இழுபட்டுச்சுன்னு சொல்லிடுவாங்க.)

எது முன்னாடி, எது பின்னாடி

இதான் கஷ்டமான வேலை, ருசியானதும் இதான். இங்கிலாந்துல டெவன் பக்கம் பேகி பாறைகள்ல டிப்ளோகிரேட்டரியானை கோல்ட்ரிங் 1960-கள்ல படிச்சார். மேல மணல் கூடுனா அந்த உயிர் யூ-வை மேல தூக்கிக்கும், தொட்டில் வரி அடிப்பக்கம் சேரும். மேல் மணல் அரிச்சுப் போனா யூ-வை கீழ இறக்கிக்கும், வரி ரெண்டு காலுக்கு நடுவுல சேரும். பக்கத்து பக்கத்துல பத்து வளை இருந்து, சிலது ஏறியிருக்கு சிலது இறங்கியிருக்கு, ஆனா எல்லாத்தோட தலையும் ஒரே மட்டத்துல சீவிவிட்ட மாதிரி வெட்டியிருக்குன்னா, இடையில எவ்வளவு மணல் வந்துச்சு, எவ்வளவு போச்சு, கடைசியா ஒரு பெரிய அரிப்பு எங்க வந்துச்சு எல்லாம் எழுதிடலாம். மிச்சமா நிக்குற மணலை மட்டும் பாத்தா இந்த வரவு செலவு கண்ணுக்கே தெரியாது.

கூர்மையான மட்டத்துக்குக் கீழ சேறு, அதுக்குள்ள கத்தியால வெட்டுன மாதிரி ஓரத்தோட வளைங்க, உள்ள மேல் அடுக்கோட மணல், இப்படி ஒண்ணு வந்தா நின்னு நிதானமா பாருங்க. சேறு படிஞ்சு, புதைஞ்சு, இறுகி, மேல இருந்தது அரிச்சுப் போய், திரும்ப கடல் மூடுன கதை அந்த ஒரே கோட்டுல இருக்கு.

எல்லாத்தையும் சேக்கும்போது

ஓத நிலத்துக்கு ஒரு விசித்திரம் உண்டு. அலைக் கரையில நிலத்துப் பக்கம் மணல், கடல் பக்கம் போகப் போக சேறு. ஓத நிலத்துல தலைகீழ், நிலத்து ஓரம் சேறு, கடல் பக்கம் மணல். அதனால ஓத நிலம் கடலைப் பாத்து வளர்ந்தா கீழ மணல், மேல போகப் போக பொடிசாகி சேறு, அப்புறம் வேர் தடம். அலைக் கரை வளர்ந்தா கீழ சேறு, மேல மணல். நீங்க அளந்த அடுக்கு எந்தப் பக்கம் பொடிசாகுதுன்னு பாத்துட்டு, அதுக்குப் பக்கத்துல கலங்கல் மார்க்கையும் வளை பேரையும் எழுதுங்க. மூணும் ஒரே கதை சொன்னா நல்லது. சொல்லலன்னா மணல் சாட்சிக்கு முதலிடம் கொடுங்கன்னுதான் நான் சொல்வேன், வளை பேர்ல தப்பு பண்றது ரொம்ப சுலபம்.

அரியலூர், பெரம்பலூர் பக்கம் போறவங்களுக்கு

1860-கள்லயே பிளான்ஃபோர்ட்ங்குற ஆய்வாளர் வரைபடம் போட்டு, ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர்னு மூணு குழுவா பிரிச்ச கிரிட்டேசியஸ் (டைனோசர் காலத்தோட கடைசிப் பகுதி) கடல் படிவு இது. கருடமங்கலம் மணல்கல், சில்லக்குடி மணல்கல் ரெண்டுலயும் ஒஃபியோமார்ஃபா, தலாசினாய்டஸ் வகை வளைங்களைத் தேடலாம். கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்ல கிரிஃபியா சிப்பி மொத்த மொத்தமா கிடக்கும், ஓட்டுல பொடிப் பொடி ஓட்டையா இருந்தா அது கடற்பஞ்சு மாதிரி ஆளுங்க கெட்டியான சிப்பி ஓட்டைத் துளைச்ச வேலை. வளை வேற, துளை வேற. வளை துகளை ஒதுக்கிட்டுப் போகும், துளை சிப்பியையே வெட்டிட்டுப் போகும். சாத்தனூர் கல்மரத்தையும் (கல்லாப் போன மரம்) ஒரு எட்டு பாத்துட்டு வாங்க, 18 மீட்டர் நீளம். கடல்ல மிதந்து வந்த கட்டையைத் துளைக்கிற சிப்பிகளும் உண்டு, அதனால கல்லான கட்டைத் துண்டு எங்க கிடைச்சாலும் சைடுல துளை இருக்கான்னு லென்ஸ் வெச்சுப் பாருங்க.

ஏமாத்துற சமாச்சாரமும் இங்கதான் ஜாஸ்தி. முதல் எதிரி சுக்கான்கல். கரிசல் மண்ணுலேர்ந்து வேர் இறங்குன வழியில சுண்ணாம்பு கட்டி குழாயா, கிளை கிளையா, மேல முண்டு முண்டா நிக்கும், பாத்த உடனே ஒஃபியோமார்ஃபான்னு கத்தத் தோணும். நான் கத்தியிருக்கேன். கீழ போகப் போக மெலிஞ்சுட்டே போனா அது வேர், வளைன்னா பெரும்பாலும் விட்டம் மாறாது. அப்புறம் கரையான் புத்துக் குழாய், ஓடைச் சுவர்ல குளவி போட்ட ஓட்டை, காரைங்குற ஊர் பக்கம் களிமண் விரிசல்ல ஓடுற ஜிப்சம். ஓட்டைக்குள்ள சிலந்தி வலை இருந்தா அதோட வயசை நீங்களே கணக்கு பண்ணிக்கலாம்.

சுரங்கத்துக்குள்ள போறதுன்னா அனுமதி வாங்கிட்டுப் போங்க, வளையைப் பேர்த்து எடுத்துட்டு வராதீங்க. போட்டோவுல பக்கத்துல ஒரு ஸ்கேலும், எந்தப் பக்கம் மேலங்குற அம்புக்குறியும் கட்டாயம். போன வருஷம் நான் எடுத்த நாப்பது போட்டோவுல பதினொண்ணுல அம்புக்குறி போட மறந்துட்டேன், அதுல இருக்குற டிப்ளோகிரேட்டரியான் மேல ஏறுச்சா கீழ இறங்குச்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.